கணக்குக்கு அடங்கும் தரை

ஆரணித் தறிகளுக்குக் கர்நாடகப் பட்டு நூல் புதிதல்ல. பட்டுக்கூடு சந்தைக்குப் பேர்போன சிட்லகட்டா இருப்பது சிக்கபள்ளாபூர் மாவட்டத்தில். அதே மாவட்டத்தில் தண்டிகனஹள்ளி என்றொரு ஏரியும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள் அந்த ஏரியில் ஒரு மிதவையை விட்டு, அதன்மேல் ஓர் உலோகக் கூம்பை நிறுத்தினார்கள். கூம்பின் நுனி கீழே, வாய் மேலே. நுனிக்கு அடியில் வட்டமான உலோகத் தகடு. கூம்பும் தகடும் சேர்ந்ததுதான் ஆன்டெனா. அது பிடித்த சமிக்ஞை ஒளியிழை வழியாகக் கரைக்கு வந்தது. ஷராவதி ஆற்றின் நீர்த்தேக்கப் பரப்பிலும் இதே ஏற்பாட்டைச் செய்தார்கள். கருவியின் பெயர் சரஸ்-3.

ஆன்டெனா என்றாலே மொட்டைமாடியில் உயரமாக, நனையாமல் நிற்க வேண்டிய பொருள் என்று பழகியவர்கள் நாம். மழை வலுத்தால் டிவியில் படம் நின்றுவிடும் ஊரில், ஓர் ஆன்டெனாவை வேண்டுமென்றே ஏரியில் மிதக்கவிடுவது வம்பை விலைக்கு வாங்கும் வேலையாகத் தெரியும். நீர் ரேடியோ அலையை நன்றாகத் திருப்பி அனுப்பும், அதற்காகத்தான் ஏரி என்று ஒருவர் பதில் சொல்லலாம். அது பாதி உண்மை. திருப்பி அனுப்புவதில் ஏரியைவிடக் கடல் மேல். கடலைவிட ஓர் அலுமினியத் தகடு மேல். ஏரியின் சிறப்பு வேறு. ஓர் ஆன்டெனாவுக்குக் கீழே வைக்கக்கூடிய பொருள்களில், முழுமையாகக் கணக்கில் எழுதிவிடக்கூடியது அது.

அரை கெல்வின் பள்ளம்

முதலில் அவர்கள் எதைத் தேடிப் போனார்கள் என்று பார்ப்போம். பிரபஞ்சத்தின் முதல் விண்மீன்கள் எரியத் தொடங்கியபோது, அவற்றைச் சூழ்ந்திருந்த ஹைட்ரஜன் வாயு 21 சென்டிமீட்டர் அலைநீள ரேடியோ அலையை உறிஞ்சியிருக்க வேண்டும். அதன் அதிர்வெண் 1420 மெகாஹெர்ட்ஸ். பிரபஞ்சம் விரியும்போது அதில் பயணிக்கும் அலையும் நீளும். ஆகவே இன்று அந்தச் சுவடு 100 மெகாஹெர்ட்ஸுக்கும் கீழே, எஃப்.எம். வானொலியின் 88–108 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் அக்கம்பக்கத்தில் கிடக்கும். எஃப்.எம். கூச்சல் எட்டாத இடத்தைத் தேடி இந்தக் குழுக்கள் ஊர் ஊராக அலைவது இதனால்தான்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் பகுதியில் எட்ஜஸ் என்ற கருவியை இயக்கிய அமெரிக்கக் குழு, 2018இல் நேச்சர் இதழில் ஒரு முடிவை வெளியிட்டது. வானத்தின் ரேடியோ நிறமாலையில் 78 மெகாஹெர்ட்ஸை மையமாகக் கொண்டு, ஏறத்தாழ 19 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. ரேடியோ வானியலில் சமிக்ஞையின் வலிமையை வெப்பநிலையாகச் சொல்லும் வழக்கப்படி, அதன் ஆழம் அரை கெல்வின். பெருவெடிப்புக்குப் பின் 18 கோடி ஆண்டுகளில் விண்மீன்கள் பிறந்துவிட்டன என்பதற்கு அது தடயம் என்றார்கள். ஆனால் பள்ளம் கோட்பாடுகள் அனுமதித்த ஆழத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. இயற்பியலில் ஏதோ புதிது இருக்க வேண்டும், அல்லது கருவியில் ஏதோ பழுது இருக்க வேண்டும்.

அதே அதிர்வெண்ணில் நம் பால்வெளி மண்டலத்தின் இரைச்சல் ஆயிரம் கெல்வினுக்கும் மேல். ஆயிரக்கணக்கில் அரை. அந்தப் பெரிய இரைச்சலின் வரைபடம் அதிர்வெண்ணோடு வழுவழுப்பாக இறங்கும் வளைவு என்பது ஒன்றே ஆறுதல். வழுவழுப்பான கோட்டில் ஒரு மேடோ பள்ளமோ தென்பட்டால் அது வானத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். ஆன்டெனாவிலிருந்தும் வந்திருக்கலாம். இரண்டையும் பிரிப்பதற்கு, ஆன்டெனா ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எந்தத் திசையில் எவ்வளவு கேட்கிறது என்பதைப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்துக்கு நெருக்கமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் கணினிச் சிமுலேஷன்.

அடியில் இருப்பதும் ஆன்டெனாதான்

ஓர் ஆன்டெனா எந்தத் திசையில் எவ்வளவு கதிர்வீச்சை அனுப்புமோ, அதே விகிதத்தில்தான் அந்தந்தத் திசையிலிருந்து வாங்கவும் செய்யும். எனவே வாங்கும் கருவியைப் படிப்பவர்களும் அது அனுப்புவதாக வைத்துக்கொண்டே கணக்குப் போடுவார்கள்.

கம்பியிலிருந்து கிளம்பும் அலையில் ஒரு பங்கு நேரே வானத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு கீழே இறங்கித் தரையில் மோதித் திரும்பி மேலே போகிறது. திரும்பிய அலை கூடுதல் தூரம் நடந்துவிட்டதால், நேர் அலையோடு சேரும்போது சில திசைகளில் அதைக் கூட்டும், சில திசைகளில் குறைக்கும். அதிர்வெண் மாறினால் கூட்டுவதும் குறைப்பதும் இடம் மாறும். ஆகவே ஆன்டெனா எந்தத் திசையில் எவ்வளவு கேட்கிறது என்ற வரைபடத்தைத் தீர்மானிப்பதில் உலோகத்துக்கு இருக்கும் பங்கு, அதற்கடியில் உள்ள தரைக்கும் இருக்கிறது.

மண்தான் இங்கே சிக்கல். மேலே காய்ந்த மணல், ஓரடிக்குக் கீழே ஈரக் களிமண், அதற்கும் கீழே பாறை. ஒரு பக்கம் வேர், இன்னொரு பக்கம் எலி வளை. ஒவ்வொரு அடுக்கும் அலையின் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். எட்ஜஸ் குழு இதைத் தவிர்க்க 30 மீட்டருக்கு 30 மீட்டர் உலோக வலையைத் தரையில் விரித்திருந்தது. அப்படியும் விவாதம் ஓயவில்லை. உலோகப் பரப்புக்கும் அதன் அடியிலுள்ள மண்ணுக்கும் இடையே எழும் ஒத்ததிர்வே அப்படியொரு பள்ளத்தை உண்டாக்க முடியும் என்று ரிச்சர்ட் பிராட்லியும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் எழுதினார்கள். விண்மீன் பிறப்பைத் தேடப் போன இடத்தில் விவாதம் மண்ணைப் பற்றியதாகிவிட்டது.

நீரைச் சொல்ல இரண்டு எண்கள்

ஒரு பொருள் ரேடியோ அலைக்கு எப்படித் தெரியும் என்பதை இரண்டு எண்களில் அடக்கிவிடலாம். ஒன்று ஒப்புமை விடுதிறன்: அலையின் மின்புலத்துக்கு அந்தப் பொருளின் மூலக்கூறுகள் எவ்வளவு வளைந்து கொடுக்கின்றன என்பதன் அளவு. மற்றது மின்கடத்துத்திறன்: அந்தப் பொருளில் மின்னோட்டம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதன் அளவு.

காற்றின் விடுதிறன் 1. காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5. நீருக்கு 20 டிகிரி செல்சியஸில் 80. இந்தப் பெரிய எண்ணுக்குக் காரணம் நீர் மூலக்கூறின் அமைப்பு. ஆக்சிஜன் பக்கம் எதிர்மின் சாய்வும் ஹைட்ரஜன் பக்கம் நேர்மின் சாய்வும் கொண்ட அந்த மூலக்கூறு, மின்புலம் திரும்பும் பக்கமெல்லாம் தானும் திரும்பும். விடுதிறனின் வர்க்கமூலம் ஒளிவிலகல் எண். எனவே ரேடியோ அலைக்கு நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 9. பள்ளிக்கூடத்தில் நீருக்கு 1.33 என்று படித்தவர்கள் திகைக்க வேண்டாம். அது கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கான எண். ஒளியின் மின்புலம் நொடிக்குச் சில நூறு லட்சம் கோடி முறை திசை மாறுகிறது. அந்த வேகத்துக்கு மூலக்கூறால் உடம்பைத் திருப்ப முடியாது. ஏறத்தாழ 20 கிகாஹெர்ட்ஸ் வரை அதனால் ஈடுகொடுக்க முடியும். 70 மெகாஹெர்ட்ஸ் அதற்கு மிகவும் நிதானமான வேகம்.

ஒளிவிலகல் எண் 9 என்றால், செங்குத்தாக வந்து விழும் அலையின் ஆற்றலில் 64 விழுக்காடு திரும்பிவிடும், 36 விழுக்காடு நீருக்குள் இறங்கும். காற்றில் 4.3 மீட்டராக இருக்கும் 70 மெகாஹெர்ட்ஸ் அலை, நீருக்குள் நுழைந்ததும் 48 சென்டிமீட்டராகச் சுருங்கும். இறங்கிய 36 விழுக்காட்டுக்கு ஒரு விலையும் உண்டு. எந்தப் பொருள் உறிஞ்சுகிறதோ அது உமிழவும் செய்யும் என்பது கிர்ச்சாஃப் விதி. ஏறத்தாழ 300 கெல்வின் வெப்பநிலையில் இருக்கும் ஏரிநீர் தன் பங்குக்கு ஆன்டெனாவுக்குள் இரைச்சலை அனுப்பும். ஆனால் அது எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஏரி முழுவதும் ஒரே நீர் என்பதால் அந்த இரைச்சலும் வழுவழுப்பாகவே இருக்கும்.

இரண்டாவது எண்ணில்தான் நன்னீரும் கடல்நீரும் பிரிகின்றன. கடல்நீரின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 முதல் 5 சீமென்ஸ். நல்ல ஏரிநீரில் அது 0.02 என்ற அளவில் இருக்கும். 70 மெகாஹெர்ட்ஸ் அலைக்குக் கடல் கிட்டத்தட்ட ஓர் உலோகம். 92 விழுக்காடு ஆற்றல் திரும்பிவிடும், உள்ளே போனதன் வீச்சு மூன்று சென்டிமீட்டரிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசுவதற்குத் திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில், ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்தில் கடற்படை மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணைக் கையாள்வதற்கும் இதுவே காரணம். அதிர்வெண் குறையக் குறைய அலை கடலுக்குள் ஆழமாக இறங்கும். கடல் நல்ல பிரதிபலிப்பான்தான். ஆனால் அலையும் ஓதமும் மிதவையைச் சாய்த்துக்கொண்டே இருக்கும். தகடு சாய்ந்தால் வரைபடமும் சாயும். ஏரியில் எழும் சிற்றலைகள் சில சென்டிமீட்டர் உயரம். 4.3 மீட்டர் அலைக்கு அவை இல்லாத மாதிரிதான்.

கார்த்திகையிலும் சித்திரையிலும்

இந்த எண்கள் ஆன்டெனாவை என்ன செய்யும் என்பதை ஆரணிப் பக்கத்து ஏரி ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். கமண்டல நாகநதிக் கரையூர்களில் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் கார்த்திகைக்குள் ஏரி ததும்பும். சித்திரையில் அதே ஏரி வெடித்த மண்ணாகக் கிடக்கும். ஏரிக்குள் ஒரு கம்பம் நட்டு, 70 மெகாஹெர்ட்ஸுக்கான செங்குத்து ஆன்டெனா ஒன்றை, அடிப்பரப்பிலிருந்து ஓர் அலைநீள உயரத்தில், அதாவது 4.3 மீட்டரில் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். அடிப்பரப்பு கார்த்திகையில் நீர், சித்திரையில் மண். உயரம் இரண்டிலும் ஒன்றே.

அடிவானத்திலிருந்து 14.5 டிகிரி மேலே பார்க்கும் திசையில், தரையில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையைவிடச் சரியாக அரை அலைநீளம் பின்தங்கும். நீர்ப்பரப்பு செங்குத்து ஆன்டெனாவின் அலை வீச்சில் 0.38 பங்கைத் தலைமாற்றாமல், அதாவது மேட்டை மேடாகவே, திருப்புகிறது. அரை அலைநீளப் பின்னடைவோடு சேர்ந்து அது நேர் அலையைக் குறைக்கிறது. மிஞ்சும் வீச்சு 0.62. விடுதிறன் 4 உள்ள காய்ந்த மண் 0.27 பங்கைத்தான் திருப்புகிறது, ஆனால் தலைமாற்றித் திருப்புகிறது, ஆகவே கூட்டுகிறது. கிடைக்கும் வீச்சு 1.27. ஆற்றலாகப் பார்த்தால் இரண்டுக்கும் நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். 30 டிகிரிக்குப் போனால் நிலைமை தலைகீழ்: நீருக்கு மேல் ஆற்றல் 2.7 மடங்கு, மண்ணுக்கு மேல் 1.1 மடங்கு. கம்பியில் ஓர் அங்குலம்கூட மாறவில்லை. மாறியது பருவம் மட்டும்.

மண் ஏன் தலைமாற்றுகிறது, நீர் ஏன் மாற்றவில்லை என்பதற்குப் புரூஸ்டர் கோணம் பதில் சொல்லும். செங்குத்து ஆன்டெனாவின் அலை தரையைத் தொடும் கோணங்களில் ஒன்று மட்டும் தனி: அதில் எதுவுமே திரும்பாது. அதற்கு மேலான கோணங்களில் அலை அப்படியே திரும்பும், கீழான கோணங்களில் தலைமாறித் திரும்பும். காய்ந்த மண்ணுக்கு அந்தக் கோணம் அடிவானத்திலிருந்து 26.6 டிகிரி, நீருக்கு 6.4 டிகிரி. எனவே திரும்பும் அலை அதிகம் பின்தங்காதபடி தரையை ஒட்டியே நிற்கும் செங்குத்து ஆன்டெனாவுக்கு, தாழ்ந்த திசைகளில் நீர் துணை நிற்கிறது, காய்ந்த மண் காலை வாருகிறது.

கட்டத்தாளும் கணினியும்

மேலே போட்டது காகிதக் கணக்கு. ஆன்டெனாவை ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டு போட்டது. மிதவையில் நிற்கும் கூம்பும் தகடும் நீர்ப்பரப்பை ஒட்டி இருக்கின்றன. தகட்டில் ஓடும் மின்னோட்டத்தை நீர் மாற்றுகிறது, மாறிய மின்னோட்டம் கதிர்வீச்சை மாற்றுகிறது. இதைக் கையால் தீர்க்க முடியாது. மாக்ஸ்வெல் 1860களில் எழுதிய சமன்பாடுகளைக் கணினிக்குக் கொடுத்துத்தான் தீர்க்க வேண்டும்.

நேரடியான ஒரு வழியை 1966இல் கேன் யீ வகுத்தார். ஆன்டெனா, காற்று, நீர் எல்லாவற்றையும் சேர்த்து வெளியைச் சிறு பெட்டிகளாகப் பிரிப்பது. ஒவ்வொரு பெட்டியிலும் மின்புலமும் காந்தப்புலமும் அடுத்த கணத்தில் என்னவாகும் என்று கணக்கிட்டு, கணம் கணமாக நகர்வது. ஜக்கார்டு வைத்த தறிக்கு டிசைன் போடுபவர்களுக்கு இந்த வேலை விளங்கும். மாங்காயோ மயிலோ முதலில் கட்டத்தாளில் ஏறுகிறது. ஒவ்வொரு கட்டமும் ஓர் ஊடை ஓடும்போது இந்தப் பாவு இழை எழ வேண்டுமா, படுக்க வேண்டுமா என்று சொல்கிறது. அதன்படி அட்டை குத்தப்படுகிறது. கட்டம் பெரிதாக இருந்தால் மாங்காயின் வளைவு படிக்கட்டாகும். கட்டத்தைச் சிறிதாக்கினால் வளைவு வரும், ஆனால் அட்டைகள் பெருகும்.

கணினியிலும் இதே பேரம். ஓர் அலைநீளத்துக்குப் பத்துப் பெட்டியாவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. காற்றில் அலைநீளம் 4.3 மீட்டர் என்பதால் 43 சென்டிமீட்டர் பெட்டி போதும். நீரில் அலை 48 சென்டிமீட்டர், பெட்டி 4.8 சென்டிமீட்டராக வேண்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் ஒன்பது பங்கு சிறுத்தால் பெட்டிகளின் எண்ணிக்கை 700 மடங்குக்கு மேல் ஏறும். 20 மீட்டருக்கு 20 மீட்டர் பரப்பும் 10 மீட்டர் ஆழமும் கொண்ட இடம் காற்றாக இருந்தால் 50 ஆயிரம் பெட்டிகள். நீராக இருந்தால் மூன்றரைக் கோடிக்கும் மேல். பெட்டி சிறுத்தால் நகரும் கணமும் சிறுக்க வேண்டும் என்பதால் நேரமும் கூடும்.

இங்கேதான் நீரின் ஒழுங்கு கைகொடுக்கிறது. எங்கு தொட்டாலும் ஒரே மாதிரியான, தட்டையான பரப்புக்குக் கீழே முடிவில்லாமல் போகும் ஒரு பொருளுக்கு, அதைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் 1909இலேயே இதற்கான தொகையீடுகளை எழுதிவிட்டார். கம்பியில்லாத் தந்தி பூமியின் மேல் எப்படிப் பரவுகிறது என்பது அன்று அவர் கேட்ட கேள்வி. அந்தத் தொகையீடுகள் கையால் போட முடியாத அளவுக்கு ஊசலாடுபவை. கணினி வந்தபின் அவை உயிர்பெற்றன. ரோஜர் ஹேரிங்டன் 1968இல் நூலாக விளக்கிய திருப்புத்திறன் முறையில் உலோகத்தை மட்டும் சிறு துண்டுகளாகப் பிரித்தால் போதும். துண்டுகளுக்கிடையே நீர் வழியாக நடக்கும் கொடுக்கல் வாங்கலைச் சோமர்ஃபெல்ட் தொகையீடு பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பர்க், போஜியோ இருவரும் உருவாக்கிய நெக்-2 நிரல் இந்த வழியில் இயங்குவது. மூன்றரைக் கோடிப் பெட்டிகள் கேட்ட வேலையைச் சில நூறு துண்டுகளில் முடித்துவிடும்.

அதற்கு அது கேட்பது விடுதிறன், மின்கடத்துத்திறன் என்ற இரண்டு எண்கள். மண்ணிடம் போய் இந்த இரண்டு எண்களைக் கேட்டால், எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில், எந்த மாதத்தில் என்று அது திருப்பிக் கேட்கும். ஏரி அப்படிக் கேட்காது.

நிரல் தரும் படத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. துண்டுகளைப் பாதி அளவாகச் சிறிதாக்கி மறுபடி ஓட்டினால் விடை அசையாமல் நிற்க வேண்டும். உள்ளே கொடுத்த ஆற்றல், வானத்துக்குப் போனதும் நீரில் தேய்ந்ததும் சேர்ந்த தொகைக்குச் சமமாக வேண்டும். நீர்ப்பரப்பை ஒட்டி ஒரு கம்பியைக் கிடைமட்டமாகப் படுக்கவைத்து ஓட்டினால் ஆற்றலின் பெரும்பகுதி நீருக்குள் போவதாக விடை வர வேண்டும், ஏனென்றால் அடர்ந்த ஊடகம்தான் அலையை அதிகம் இழுக்கும். இவை தேறியபின், உண்மையான ஆன்டெனா உள்ளே வரும் ஆற்றலில் எவ்வளவைத் திருப்பித் தள்ளுகிறது என்று கருவியால் அளந்து, நிரல் சொன்னதோடு ஒப்பிட வேண்டும்.

தூய நீரின் தொந்தரவு

'முடிவில்லாமல் கீழே போகும் நீர்' என்ற அனுமானம்தான் சோமர்ஃபெல்ட் வழியின் பலவீனம். ஏரிக்கு அடி உண்டு.

மின்கடத்துத்திறன் 0.02 உள்ள நீரில் 70 மெகாஹெர்ட்ஸ் அலையின் வீச்சு ஒவ்வொரு 2.4 மீட்டருக்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஏரி இரண்டு மீட்டர் ஆழம் என்றால், அடிச்சேறு வரை போய்த் திரும்பும் அலை நான்கு மீட்டர் நடந்தபிறகும் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். சேற்றின் விடுதிறன் நீரில் பாதி என்று வைத்துக்கொண்டால், நீருக்குள் நுழைவதிலும் வெளியேறுவதிலும் ஆகும் இழப்பையும் கழித்து, ஏறத்தாழ ஒரு விழுக்காடு வீச்சு மேற்பரப்புக்குத் திரும்பி வரும். ஆயிரக்கணக்கான கெல்வின் இரைச்சலில் அரை கெல்வினைத் தேடுபவருக்கு ஒரு விழுக்காடு பெரிய தொகை. அதைவிட மோசம், இந்த எதிரொலி அதிர்வெண்ணோடு 8.4 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு முறை ஏறி இறங்கும். தேடும் பள்ளத்தின் அகலம் 19 மெகாஹெர்ட்ஸ். ஆழம் குறைந்த ஏரி தானாகவே ஒரு 'பிரபஞ்சப் பள்ளத்தை' வெட்டிக் காட்டக்கூடும். ஆழம் பத்து மீட்டர் என்றால் போய்த் திரும்பும் அலை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே தேய்ந்துவிடும். ஏரியின் அடி கணக்கிலிருந்து காணாமல் போகும். 'ஏரி' என்ற சொல் மட்டும் போதாது, எத்தனை ஆள் ஆழம் என்பதும் வேண்டும்.

பட்டுக்குச் சாயம் ஏற்றுபவர்களுக்கு நீரில் எவ்வளவு உப்பு என்பது தொழில் கேள்வி. இங்கேயும் அதே கேள்வி. குடிநீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தியத் தர நிர்ணயம். 500 டி.டி.எஸ். நீரின் மின்கடத்துத்திறன் ஏறத்தாழ 0.08. அதில் அலை 60 சென்டிமீட்டரிலேயே மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். இரண்டு மீட்டர் ஏரியே போதும், அடி தெரியாது. 130 டி.டி.எஸ். என்றால் நாம் மேலே எடுத்துக்கொண்ட 0.02. ஆனால் ஹாம் வானொலிக்காரர்கள் புழங்கும் அட்டவணைகளில் 'நன்னீர்' என்ற வரிக்கு நேரே விடுதிறன் 80, மின்கடத்துத்திறன் 0.001 என்று இருக்கும். அது மழைநீருக்குப் பக்கத்தில் வரும் எண். அந்த எண்களின்படி அலை 47 மீட்டர் இறங்கினால்தான் மூன்றில் ஒரு பங்காகத் தேயும்.

ஆக, நீர் தூய்மையாக ஆக ஆக ஏரியின் அடி அலைக்குத் துலங்கித் தெரியும். உப்புக் கூடக் கூட அடி மறையும், ஆனால் உப்பின் அளவு மழைக்கும் வெயிலுக்கும் மாறிக்கொண்டிருக்கும். அட்டவணை எண்ணை அப்படியே நிரலுக்குள் போடுபவர், அடியே இல்லாத, மழைநீரால் ஆன ஒரு கற்பனைக் கடலுக்கு மேல் தன் ஆன்டெனாவை வைத்துப் பார்க்கிறார். நிரல் பிழை எதுவும் காட்டாது. அழகான படமும் வரும்.

வெப்பநிலைக்கும் கொஞ்சம் பங்குண்டு. 20 டிகிரியில் 80 ஆக இருக்கும் விடுதிறன் 30 டிகிரியில் 76.6 ஆகிறது. நீருக்குள் இறங்கும் ஆற்றல் 36.2 விழுக்காட்டிலிருந்து 36.8க்கு ஏறும். வானொலி கேட்பவருக்கு அது ஒன்றுமில்லை. ஆயிரத்தில் அரையைத் தேடுபவர் ஏரியில் வெப்பமானியையும் இறக்கியாக வேண்டும். ஆனால் இந்த மாற்றம் எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நிகழ்வது. வழுவழுப்பான கோட்டை அது சற்று ஏற்றி இறக்கும், அதில் பள்ளம் வெட்டாது.

ஏரி சொன்ன தீர்ப்பு

சரஸ்-3இன் முடிவு 2022 பிப்ரவரியில் நேச்சர் அஸ்ட்ரானமி இதழில் வந்தது. சௌரப் சிங், ரவி சுப்பிரமணியன், உதய சங்கர் உள்ளிட்ட குழுவினர் 55 முதல் 85 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தரவை அலசியிருந்தார்கள். எட்ஜஸ் சொன்ன வடிவத்தில் பள்ளம் எதுவும் அதில் இல்லை; அந்த வடிவத்தை 95.3 விழுக்காடு நம்பகத்தோடு மறுத்தார்கள். முதல் விண்மீன்களின் சுவடே இல்லை என்பதல்ல இதன் பொருள். எட்ஜஸ் கண்ட அந்தக் குறிப்பிட்ட பள்ளம் வானத்திலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு என்பதே. புதிய இயற்பியலுக்காகக் கிளம்பிய பல கோட்பாடுகள் அதன்பின் தங்கள் அவசரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்தத் தீர்ப்பின் வலிமை கூம்பைப் போலவே ஏரியிலும் இருக்கிறது. கருவியின் உணர்திறனைக் கூட்டுவது பலரும் செய்கிற வேலை. தெரியாததின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக, கணக்குக்கு அடங்கும் தரையைத் தேடிப் போனது இவர்களுடைய யோசனை. அதே யோசனையின் அடுத்த படி, தரையையே எடுத்துவிடுவது. நிலவைச் சுற்றிவரும் விண்கலத்தில் ஆன்டெனாவை ஏற்றும் பிரதுஷ் என்ற திட்டத்தை ராமன் நிறுவனம் வகுத்துவருகிறது. நிலவின் மறுபக்கத்தில் பூமியின் எஃப்.எம். கூச்சலும் எட்டாது, ஆன்டெனாவை ஒட்டி மண்ணும் இருக்காது.

நிலவுக்குப் போகாதவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். நெக்-2 இலவசம், சாதாரண மடிக்கணினியில் ஓடும். 70 மெகாஹெர்ட்ஸுக்கு 2.1 மீட்டர் நீளமுள்ள செங்குத்துக் கம்பியை, அதன் நடு 4.3 மீட்டர் உயரத்தில் இருக்குமாறு வரைந்து, தரைக்கு முதலில் 80, 0.02 என்றும், பிறகு 4, 0.001 என்றும் கொடுத்து ஓட்டுங்கள். 14.5 டிகிரியில் இரண்டுக்கும் ஏறத்தாழ நான்கு மடங்கு வித்தியாசம் வர வேண்டும். வரவில்லையென்றால் கம்பியைச் சந்தேகிக்கும் முன் தரைக்குக் கொடுத்த எண்களைச் சரிபாருங்கள். வந்துவிட்டால், ஒரு டி.டி.எஸ். மீட்டரும் முடிச்சுப் போட்ட கயிறும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள ஏரிக்குப் போய், அந்த 0.02 உங்கள் ஊர் நீருக்குப் பொருந்துமா, அடி எத்தனை மீட்டரில் தட்டுகிறது என்று அளந்து வாருங்கள். இந்தச் சிமுலேஷனில் கணினியால் செய்ய முடியாத வேலை அது ஒன்றுதான்.